குமிழுக்குள் கையெழுத்து, அடியில் குறிப்பு

கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில், கேப் பிரெட்டன் தீவின் மாபூ என்ற சிற்றூரைச் சேர்ந்தவர் கேட் பீட்டன். 1983-இல் பிறந்தவர். மவுண்ட் ஆலிசன் பல்கலைக்கழகத்தில் வரலாறும் மானுடவியலும் படித்தார். படித்து முடித்ததும் கல்விக் கடன் கழுத்தை நெரித்தது. 2005-இல் ஆல்பர்ட்டா மாகாணத்தின் எண்ணெய் மணல் சுரங்கங்களுக்கு வேலைக்குப் போனார். நடுவில் சில காலம் விக்டோரியா நகரின் கடல்சார் அருங்காட்சியகத்தில் பணி. அந்த நாட்களில்தான், தான் படித்த வரலாற்று மனிதர்களைச் சின்னச் சின்னப் படக்கதைகளாக வரைந்து இணையத்தில் போடத் தொடங்கினார். 2007-இல் பிறந்த அந்த வலைக் காமிக்ஸின் பெயர் ‘ஹார்க்! எ வேக்ரன்ட்’.

நெப்போலியன், நிக்கோலா டெஸ்லா, பிரான்டே சகோதரிகள், கனடாவின் பழைய பிரதமர்கள் என்று யார் வேண்டுமானாலும் அதில் வருவார்கள். சில கட்டங்களிலேயே விஷயம் முடிந்துவிடும். படம் மையில், வசனம் அவருடைய கையெழுத்தில். பல படங்களுக்கு அடியில், அந்த மனிதர் யார், அவரைப் பற்றி எங்கே படிக்கலாம் என்று அவரே எழுதிய சில வரிகள் இருக்கும். பேச்சுக் குமிழுக்குள் இருக்கும் கையெழுத்தும் படத்துக்கு அடியில் இருக்கும் குறிப்பும் சேர்ந்துதான் ஒரு வரலாற்றுக் காமிக்ஸை வாசகரிடம் நேர்மையாகப் பேசவைக்கின்றன என்று நினைக்கிறேன்.

முதலில் எழுத்து. அமெரிக்காவின் பெரிய காமிக்ஸ் நிறுவனங்களில் கதை எழுதுபவர், பென்சிலில் வரைபவர், மை தீட்டுபவர், வண்ணம் கொடுப்பவர், குமிழுக்குள் வசனம் எழுதுபவர் எல்லாரும் பெரும்பாலும் வேறு வேறு ஆட்கள். கடைசியாகச் சொன்னவருக்கு ‘லெட்டரர்’ என்று பெயர். 1990-களிலிருந்து அந்த வேலையைக் கணினி எழுத்துரு மெல்ல மெல்ல எடுத்துக்கொண்டது. வேலை வேகமானது, பிழை திருத்துவதும் சுலபமானது. ஆனால் எழுத்துருவில் ஓர் எழுத்து எத்தனை முறை வந்தாலும் ஒரே வார்ப்புதான். கை அப்படி எழுதாது. கத்துகிறவனின் சொல் தடித்துக் குமிழை முட்டும். முணுமுணுப்பவளின் சொல் சிறுத்து மூலையில் ஒதுங்கும்.

வரலாற்றுக் கதையில் கையெழுத்து செய்யும் இன்னொரு காரியம் எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. அச்செழுத்தோடு பாடநூலின் அதிகாரம் ஒட்டிக்கொண்டே வருகிறது. நெப்போலியன் ஒருநாளும் சொல்லாத வாக்கியத்தை ஒழுங்கான அச்செழுத்தில் அவர் வாயில் வைத்தால், அதை மேற்கோள் என்று நம்பிவிட ஆள் இருக்கும். கொஞ்சம் கோணலான கையெழுத்தில் வைத்தால், இது வரைந்தவரின் கற்பனை என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடுகிறது.

கையால் எழுதுவதில் முறை இருக்கிறது. படத்தை முடித்துவிட்டு மிச்ச இடத்தில் வசனத்தைத் திணிப்பவர்கள் சீக்கிரமே மாட்டிக்கொள்வார்கள். பழகியவர்கள் கட்டம் போட்டதும் பென்சிலால் வசனத்தை எழுதி, அதற்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று பார்த்துக்கொண்டு, பிறகுதான் ஆட்களை நிறுத்துவார்கள். வரிகள் ஒரே உயரத்தில் அமைய ‘ஏம்ஸ் கைடு’ என்ற சிறிய பிளாஸ்டிக் கருவி உண்டு. நடுவில் இருக்கும் வட்டைத் திருப்பினால் வரி இடைவெளி கூடும், குறையும். யார் முதலில் பேசுகிறார் என்பதை வாசகரின் கண் மேலிருந்து கீழாக, இடமிருந்து வலமாக வரும் வழியிலேயே அறிந்துகொள்ள வேண்டும். மையில் எழுத்துப் பிழை வந்தால் வெள்ளை பூச வேண்டும், அல்லது துண்டுக் காகிதம் ஒட்ட வேண்டும். இத்தனை சிரமம் இருப்பதாலேயே வசனம் சுருங்குகிறது. கை வலிக்கும்போது எந்தச் சொல் தேவையில்லை என்பது தானாகத் தெரிந்துவிடும்.

இனி குறிப்பு. பீட்டன் வரைந்தவர்களில் மேத்யூ ஹென்சனை எடுத்துக்கொள்வோம். 1909 ஏப்ரல் 6 அன்று வட துருவத்தை அடைந்துவிட்டதாக அறிவித்தார் அமெரிக்கப் பயணி ராபர்ட் பியரி. அப்போது அவருடன் இருந்தவர்கள் நான்கு இன்யூயிட்களும், கறுப்பின அமெரிக்கரான ஹென்சனும். இன்யூயிட் மொழி பேசத் தெரிந்தவர் ஹென்சன். நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டியைச் செய்யவும் ஓட்டவும் தேர்ந்தவர். அவர்கள் துருவத்தைத் தொட்டார்களா என்ற சர்ச்சை இன்றும் ஓயவில்லை. ஆனால் அதன்பின் நடந்ததில் சர்ச்சை இல்லை. பியரிக்குக் கடற்படையில் ரியர் அட்மிரல் பதவி கிடைத்தது. ஹென்சன் நியூயார்க் சுங்க அலுவலகத்தில் எழுத்தராகப் பல்லாண்டுகள் வேலை பார்த்தார். ஆய்வுப் பயணிகளின் சங்கமான எக்ஸ்ப்ளோரர்ஸ் கிளப் அவரை உறுப்பினராக ஏற்க 1937 ஆயிற்று. 1955-இல் இறந்தார். 1988-இல்தான் அவருடைய உடல் ஆர்லிங்டன் தேசியக் கல்லறைக்கு மாற்றப்பட்டு, பியரியின் கல்லறைக்கு அருகே அடக்கம் செய்யப்பட்டது.

இவ்வளவும் சில கட்டங்களில் அடங்காது, அடக்க முயலவும் கூடாது. சிறு காமிக்ஸ் ஒன்றே ஒன்றைத்தான் செய்யும். உலகின் உச்சியை நோக்கிப் போய்வந்த ஒருவரை ஊர் எப்படிப் பார்த்தது என்ற அநீதியை ஒரு முகபாவத்தில், ஒரு பதிலில் நிறுத்திக் காட்டும். சிரித்த வாசகருக்கு அடுத்த நொடி உறுத்துகிறது, யார் இவர் என்று தேடப் போகிறார். தேடுபவருக்கு வழி காட்டுவது படத்துக்கு அடியில் இருக்கும் குறிப்பு. ஹென்சன் 1912-இல் தானே எழுதிய பயண நூலுக்குப் பதிப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது. அதை இன்று யாரும் இலவசமாகப் படிக்கலாம். ஒரு படத்தில் தொடங்கியவர் அந்த மனிதரின் சொந்தச் சொற்கள் வரை போய்ச் சேர முடிகிறது.

வாசகரைப் போலவே வரைபவரும் படத்திலிருந்து குறிப்புக்குப் போவதுண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கணிதவியலாளர் அடா லவ்லேஸின் பெயரிலான நாள் முதன்முதலாக 2009-இல் கொண்டாடப்பட்டபோது, லண்டனில் வாழும் அனிமேஷன் கலைஞர் சிட்னி பாடுவா, லவ்லேஸின் வாழ்க்கையைச் சிறு காமிக்ஸாக வரைந்தார். லவ்லேஸ் 36 வயதில் இறந்தார். அவருடைய நண்பர் சார்லஸ் பாபேஜ் வடிவமைத்த கணிப்பொறி கடைசிவரை முழுதாகக் கட்டப்படவில்லை. இந்தச் சோக முடிவுக்கு மனம் ஒப்பாமல், இருவரும் பொறியைக் கட்டி முடித்த வேறோர் உலகத்தைக் கடைசியில் வேடிக்கையாகச் சேர்த்தார் பாடுவா. அது வரப்போகும் தொடரின் அறிவிப்பு என்று வாசகர்கள் எடுத்துக்கொண்டார்கள். அவரும் தொடர்ந்து வரைந்தார். பழைய ஆவணங்களைத் தேடித் தேடி அடிக்குறிப்புகளாக அடுக்கினார். 2015-இல் நூலானபோது குறிப்புகள் படத்தோடு இடத்துக்குப் போட்டியிட்டன. லவ்லேஸின் பெயரை நிலைக்கவைத்ததும் குறிப்புகள்தான். பாபேஜின் பொறியைப் பற்றிய பிரெஞ்சுக் கட்டுரை ஒன்றை மொழிபெயர்த்து 1843-இல் அவர் சேர்த்த குறிப்புகள், மூலக் கட்டுரையைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு நீளம்.

கையெழுத்துக் காமிக்ஸை இணையத்தில் பகிர்வதில் ஒரு குறை உண்டு. கணினிக்கு அது எழுத்தே இல்லை, வெறும் படம். தேடினால் எளிதில் அகப்படாது. பார்வையற்றவர்களுக்காகத் திரையை வாசித்துக் காட்டும் மென்பொருளும் அங்கே பெரும்பாலும் தடுமாறும். ‘டைனோசர் காமிக்ஸ்’ எழுதும் ரயன் நார்த் இதற்காக ‘ஓ நோ ரோபாட்’ என்ற தேடுபொறியை உருவாக்கினார். வலைக் காமிக்ஸ்களில் உள்ள வசனங்களை வாசகர்களே தட்டச்சு செய்து சேர்க்கும் ஏற்பாடு அது. புதிதாகத் தொடங்குபவர்கள் வாசகருக்குக் காத்திருக்காமல், படத்தை ஏற்றும்போதே அதன் வசனத்தையும் காட்சி விவரத்தையும் எழுத்தாகச் சேர்த்துவிட வேண்டும். கோட்டோவியத்தை 600 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்து வைத்துக்கொள்வது நல்லது, பின்னால் நூலாகும்போது அது வேண்டியிருக்கும். செல்பேசித் திரையில் எழுத்தைப் படிக்க முடிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வெளியிட வேண்டும். வரைந்தவர் பெயரைப் படத்துக்குள்ளேயே எழுதிவிடுவது அவசியம். பகிரப்பட்டுப் பகிரப்பட்டுப் படம் தனியாகப் போய்விடும், குறிப்பு பின்தங்கிவிடும்.

வலைக் காமிக்ஸில் வருமானம் பெரும்பாலும் படத்துக்கு நேரடியாக வருவதில்லை. படம் இலவசம். நூல், சட்டை, அச்சுப் பிரதி ஆகியவற்றின் விற்பனைதான் சோறு போடும். பீட்டன் 2009-இல் ஒரு தொகுப்பைத் தானே வெளியிட்டார். 2011-இல் மான்ட்ரியால் நகரின் ‘டிரான் அண்டு குவார்ட்டர்லி’ பதிப்பகம் ‘ஹார்க்! எ வேக்ரன்ட்’ தொகுப்பையும், 2015-இல் ‘ஸ்டெப் அசைட், பாப்ஸ்’ தொகுப்பையும் கொண்டுவந்தது.

பிறகு அவர் தன் சொந்த வரலாற்றுக்குத் திரும்பினார். 2008-இல் ஆல்பர்ட்டாவின் ஒரு சுரங்கக் கழிவுக் குட்டையில் இறங்கிய 1,600 வாத்துகள் மடிந்தன. 2014-இல் தன் சுரங்க நாட்களை, அந்த வாத்துகளை நினைவூட்டும் ‘டக்ஸ்’ (வாத்துகள்) என்ற தலைப்பில் ஐந்து பகுதிகளாக, எளிய கோட்டோவியங்களில் இணையத்தில் வெளியிட்டார். 2022-இல் அது நானூறு பக்கங்களைத் தாண்டிய நூலாக விரிந்து, அடுத்த ஆண்டு ஐஸ்னர் விருதுகளைப் பெற்றது. இதற்கிடையே பழைய வலைக் காமிக்ஸில் புதிய படங்கள் வருவது நின்றுபோனது.

அந்தப் பழைய படங்களைப் படிக்க விரும்புகிறவர்கள் 2011 தொகுப்பிலிருந்து தொடங்கலாம். டீஃபன்பேக்கர், பியர்சன் போன்ற கனடாப் பிரதமர்கள் வரும் பக்கங்களில் நமக்கு ஒன்றும் பிடிபடாமல் போகலாம். அங்கே படத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, குறிப்பைப் படித்து, மறுபடி படத்துக்கு வாருங்கள்.