கணிப்பொறியின் வாயிற்காவலன்

வீடு என்றிருந்தால் கதவு வேண்டும். கதவு என்றிருந்தால் பூட்டு வேண்டும். இது நம் பாட்டிமார் அறிந்த உண்மை. இன்று நமது மதிப்பெண் பட்டியல், உதவித்தொகை, பெற்றோரின் சேமிப்பு ஆகிய யாவும் வலைத்தளங்களில் குடியேறிவிட்டன. அங்கே வாயிலில் நிற்கும் காவலன் யார்? வந்திருப்பவர் இன்னார்தாம் என்று அவன் எவ்வாறு அறிகிறான்? தோழியரே, இதனைச் சற்று ஆராய்வோம்.

நம் பள்ளிக் காவலர் முகத்தைப் பார்த்தே நம்மை உள்ளே விடுகிறார். எங்கோ தொலைவிலுள்ள கணிப்பொறிக்கு நம் முகம் பழக்கமில்லை. ஆகவே அது மூன்று வகைச் சான்றுகளைக் கேட்கிறது. முதலாவது, நாம் அறிந்த ஒன்று. கடவுச்சொல் இவ்வகையைச் சேர்ந்தது. இரண்டாவது, நம் கையிலுள்ள ஒன்று. வங்கி அட்டையும் கைப்பேசியும் இவ்வகை. மூன்றாவது, நம் உடலோடு பிறந்த ஒன்று. கைரேகையும் கருவிழியும் இவ்வகை. நியாயவிலைக் கடையில் குடும்ப அட்டையைக் காட்டி விரலையும் வைக்கும்போது, இரண்டு வகைச் சான்றுகளை நாம் தருகிறோம்.

சான்று எதுவாயினும், அது பிறர் எளிதில் அறியக்கூடியதாக இருத்தலாகாது. பொதுத்தேர்வு முடிவை வலைத்தளத்தில் பார்க்கப் பதிவெண்ணும் பிறந்த தேதியும் போதும். இவ்விரண்டும் பக்கத்து இருக்கைத் தோழிக்கும் தெரியும். முடிவைப் பார்ப்பதற்கு இது போதுமானதே. ஆனால் பிறந்த தேதியையே வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லாக வைத்தால், பூட்டிய வீட்டின் சாவியைத் திண்ணையில் வைத்ததற்கு ஒப்பாகும்.

கணிப்பொறியில் கடவுச்சொல்லைப் புகுத்திய முன்னோடிகளுள் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனம் ஒன்று. அங்கே 1960களில் ஒரு விந்தை நிகழ்ந்தது. உள்ளே நுழைவோருக்குக் காட்டவேண்டிய அன்றைய அறிவிப்புக்குப் பதிலாக, எல்லோருடைய கடவுச்சொற்களும் அடங்கிய பட்டியலே வெளிப்பட்டுவிட்டது! இரண்டு கோப்புகள் இடம் மாறியதே காரணம். இதிலிருந்து அறிஞர்கள் கற்ற பாடம் யாது? காவலனிடம் சாவிகளின் பட்டியல் இருக்கவே கூடாது என்பதுதான்.

பட்டியல் இல்லாமல் சரிபார்ப்பது எப்படி? இதற்கு நம் கோயம்புத்தூருக்குப் புவிசார் குறியீடு பெற்றுத் தந்த வெட் கிரைண்டரையே உவமையாகக் கொள்ளலாம். அரிசியை அரைத்தால் மாவாகும். மாவை மீண்டும் அரிசியாக்க எவராலும் இயலாது. அதுபோலவே, நாம் தரும் கடவுச்சொல்லை ஒரு கணித முறையால் அரைத்து, அந்த 'மாவை' மட்டுமே நல்ல வலைத்தளம் சேமிக்கிறது. இதற்கு 'ஹேஷ்' என்று பெயர். மறுமுறை நாம் சொல்லைத் தட்டச்சு செய்யும்போது அதனையும் அரைத்து, இரண்டு மாவும் ஒன்றா எனப் பார்க்கிறது. ஒன்றானால் கதவு திறக்கும்.

இருவர் ஒரே சொல்லை வைத்திருந்தால் மாவும் ஒன்றாகிவிடுமே, ஒருவருடையதைக் கண்டுபிடித்தால் மற்றவருடையதும் வெளியாகுமே என்று கேட்கலாம். அதனால்தான் அரைக்குமுன் ஒவ்வொருவர் சொல்லோடும் வெவ்வேறு எழுத்துச் சிதறல் ஒன்றைச் சேர்க்கிறார்கள். அதன் ஆங்கிலப் பெயரும் 'சால்ட்', அதாவது உப்புதான்! இம்முறையை விளக்கி மாரிஸ், தாம்சன் என்ற இரு அறிஞர்கள் 1979ஆம் ஆண்டிலேயே கட்டுரை எழுதினர்.

இதனைப் பின்பற்றாதவர் நிலை என்னவாயிற்று? 2009ஆம் ஆண்டில் 'ராக்யூ' நிறுவனம் அரைக்காமலே வைத்திருந்த சுமார் 3.2 கோடி கடவுச்சொற்கள் களவு போயின. அவற்றுள் மிகப் பலர் வைத்திருந்த சொல் '123456'. 2012இல் 'லிங்க்டுஇன்' தளத்தின் சுமார் 65 லட்சம் ஹேஷ்கள் வெளியாயின. அவை அரைக்கப்பட்டிருந்தன, உப்புத்தான் சேர்க்கப்படவில்லை. திருடர் அகராதிச் சொற்களை விரைவாக அரைத்து ஒப்பிட்டு, பலவற்றைக் கண்டுபிடித்துவிட்டனர். ஆகையால் வேண்டுமென்றே மெதுவாக அரைக்கும் 'பிகிரிப்ட்', 'ஆர்கான்2' போன்ற முறைகளையே இன்று வல்லுநர் பரிந்துரைக்கின்றனர்.

உள்ளே சென்றபின் பக்கத்துக்குப் பக்கம் கடவுச்சொல்லைக் கேட்டால் நமக்குச் சலிப்புத் தட்டிவிடும். எனவே தளம் நம் கருவியிடம் யாராலும் ஊகிக்க முடியாத ஓர் எண்ணை, டோக்கன் போலத் தந்து வைக்கிறது. அந்த டோக்கன் யாரிடம் உள்ளதோ அவரையே அது நாம் என்று நம்பும். கணினி மையத்தில் வேலை முடிந்ததும் 'வெளியேறு' பொத்தானை அழுத்தவேண்டியது இதனால்தான். அழுத்தியதும் டோக்கன் செல்லாமற் போகும். தவறான சொல்லைப் பலமுறை தருவோரைச் சிறிது நேரம் தடுத்து வைப்பதும் நல்ல காவலனின் கடமை.

இரண்டாவது பூட்டு, கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. வலைத்தளத்தில் வங்கி அட்டையால் பணம் செலுத்துவோரிடம், அட்டையில் அச்சாகியுள்ள விவரம் தவிர இன்னொரு சான்றும் கேட்கவேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2009 ஆகஸ்டு முதல் கட்டாயமாக்கியது. அட்டையை மட்டும் திருடியவர் எளிதில் உள்ளே நுழைய முடியாது.

ஒரு தளம் நல்லதா என அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. 'கடவுச்சொல்லை மறந்துவிட்டேன்' என்று சொல்லிப் பாருங்கள். நல்ல தளம் புதுச்சொல் அமைக்க வழி காட்டும். பழைய சொல்லைத் திருப்பி அனுப்பாது. அனுப்பினால், அது அரைக்காமல் வைத்திருக்கிறது என்று பொருள்.

இதிலிருந்து நாம் உணரவேண்டிய பெரிய உண்மை இது: நம் கடவுச்சொல் வங்கிக் கணிப்பொறிக்கே தெரியாது, தெரியவேண்டிய தேவையும் இல்லை. அப்படியிருக்க, "வங்கியிலிருந்து பேசுகிறோம், அந்த எண்ணைச் சொல்லுங்கள்" என்று கேட்பவர் வங்கிக்காரராக இருக்க முடியுமா? ஓ.டி.பி. எதற்காக வந்தது என்று அச்செய்தியிலேயே எழுதியிருக்கும். சமையல் எரிவாயு உருளைக்கான எண்ணை, உருளையோடு வாசலில் நிற்பவரிடம் சொல்லலாம். பணம் எடுப்பதற்கான எண்ணைத் தொலைபேசியில் எவரிடமும் சொல்லலாகாது.

அன்னையர் பலர் விடியற்காலையிலேயே மில்லுக்கும் பனியன் கம்பெனிக்கும் செல்லும் ஊர்கள் நம்முடையவை. வீட்டுக் கைப்பேசியில் வரும் செய்திகளைப் படித்துச் சொல்பவர்கள் பெரும்பாலும் நாமே. 2022இல் தொடங்கப்பட்ட புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் ஆயிரம் ரூபாயும், மாணவியின் வங்கிக் கணக்கிலேயே சேரும் வகையில் அமைந்தது. பாடுபட்டுச் சேர்த்த பணம் ஓர் ஆறு இலக்க எண்ணால் பறிபோகலாமா? அப்படி நேர்ந்துவிட்டால், வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணை அழைத்துப் புகார் செய்தல் வேண்டும். விரைந்து சொன்னால், பணம் கைமாறுமுன் முடக்க வாய்ப்புண்டு.

வல்லுநர் எத்தனை பூட்டுகள் செய்தாலும், சாவியைப் பிடித்திருக்கும் கை நம்முடையதே. ஆகவே இன்று மாலையே அம்மாவுடனும் பாட்டியுடனும் அமர்ந்து, இவற்றை எடுத்துச் சொல்வோம். கற்ற கல்வி வீட்டுக்குப் பயன்படட்டும்!