சாலையில் ஒரு சாட்சி

ஜிஎஸ்டி சாலையில் தாம்பரத்துக்கும் வண்டலூருக்கும் இடையே செல்லும் மோட்டார் சைக்கிள்களில் சிறு கேமராக்களை இப்போது அடிக்கடி காண முடிகிறது. லடாக் போன்ற நெடும்பயணம் செல்வோரின் கருவி, வேளச்சேரிக்கு வேலைக்குப் போவோரிடமும் வந்துவிட்டது. என்னிடம் பொருளியல் பயின்ற சிலர், எதை வாங்கலாம் என்று கேட்கின்றனர். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: பதிவு யாருக்காக? பார்வையாளர்களுக்காகவா, நீதிமன்றத்துக்காகவா?

இரண்டுக்கும் தேவைப்படும் கருவி வேறு. விளம்பரங்களோ முதல் வகையினரை மனதில் கொண்டே '4கே', '5.3கே' என்று எண்களை அடுக்குகின்றன. நொடிக்கு 100 மெகாபிட் அளவில் பதிவாகும் 4கே விடியோ, ஒரு மணி நேரத்தில் 45 ஜிபி இடத்தை விழுங்கும். 64 ஜிபி அட்டை ஒன்றரை மணி நேரம்கூடத் தாங்காது. நொடிக்கு 16 மெகாபிட் அளவிலான 1080பி விடியோ என்றால், அதே அட்டையில் எட்டு மணி நேரத்துக்கு மேல் பதிவு செய்யலாம். தினமும் அலுவலகம் சென்று திரும்புவோருக்கு அது பல நாள் பயணம்.

பகலில் சற்றுத் தொலைவிலுள்ள வாகனத்தின் எண் பலகையை வாசிக்க 4கே உதவும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், மேடவாக்கம் சாலையில் இரவு ஒன்பது மணிக்கு எண் பலகை மங்குவதற்குக் காரணம் வேறு. வெளிச்சம் குறையும்போது ஷட்டர் நீண்ட நேரம் திறந்திருப்பதால், அசையும் எழுத்துகள் கோடுகளாக இழுபடுகின்றன. அங்கே பெரிய சென்சார்தான் கைகொடுக்கும். எனவே, வாங்குமுன் அதே மாடலின் இரவு நேரப் பதிவைப் பார்ப்பது நல்லது.

கையடக்க ஆக்ஷன் கேமராக்களின் பேட்டரி பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை மணி நேரமே நீடிக்கும். சித்திரை வெயிலில் சிக்னலில் காற்றோட்டமின்றி நின்றால், சூடேறித் தானாகவே அணைந்துவிடுவதும் உண்டு. மின்கம்பியைச் செருக மூடியைத் திறந்தாலோ பலவற்றில் நீர்புகாத் தன்மை போய்விடும். முடிச்சூர் மழையைக் கண்டவர்களுக்கு அதன் பொருள் புரியும். சாட்சிதான் வேண்டும் என்றால், வண்டியின் பேட்டரியிலிருந்தே மின்சாரம் பெற்று, முன்னும் பின்னும் பதிவு செய்யும் டேஷ்கேமே பொருத்தம் என்பேன்.

தலைக்கவசத்தின் மீது பொருத்துவதை நான் பரிந்துரைப்பதில்லை. வழவழப்பான அதன் மேற்புறம், விழும்போது தரையில் வழுக்கிச் செல்ல உதவுவது. துருத்தி நிற்கும் பொருள் அதற்குத் தடையாகலாம். கேரள மோட்டார் வாகனத் துறை 2022-இல் இதற்குத் தடை விதித்தது.

பார்வையாளர்களுக்காகப் பதிவு செய்வதில் வேறோர் அபாயமும் உண்டு. சாதாரணப் பயணத்தை யாரும் பார்ப்பதில்லை. வேகத்துக்கும் சாகசத்துக்கும்தான் சந்தை. 2023 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே யூடியூபர் டிடிஎஃப் வாசன் விபத்தில் சிக்கியதும், அவரது ஓட்டுநர் உரிமம் 10 ஆண்டுகளுக்கு ரத்தானதும் நினைவிருக்கலாம்.

நீதிமன்றத்துக்கான பதிவைப் பாதுகாப்பதிலும் கவனம் தேவை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆவது பிரிவு, மின்னணுப் பதிவைச் சாட்சியமாக ஏற்கச் சான்றிதழ் கோருகிறது. கோப்பு மாற்றப்படவில்லை என்பதைக் காட்டும் 'ஹாஷ்' மதிப்பும் அதில் இடம்பெற வேண்டும். வாட்ஸ்ஆப்பில் விடியோவாக அனுப்பினால் கோப்பு சுருக்கப்பட்டு, அந்த மதிப்பு மாறிவிடும்.

மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுக்கு ஆறு மாதங்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்கிறது சட்டம். பழைய பதிவை அழித்துப் புதியதை எழுதும் 'லூப்' முறையோ சில மணி நேரத்திலேயே விபத்துக் காட்சியை அழித்துவிடக்கூடும். ஆகவே, விபத்து நேர்ந்தால் அட்டையை உடனே கழற்றித் தனியே வைக்க வேண்டும். கேமராவின் தேதியும் நேரமும் சரியாக உள்ளனவா என்பதை மட்டும் இன்றே பார்த்துவிடுங்கள்.