ஓர் இரவு வேடமும் ஒரு கொக்கி ஊசியும்

அக்டோபர் 31-ஆம் நாள் அந்தி சாய்ந்ததும் அமெரிக்க நாட்டுத் தெருக்களில் சிறுவர் சிறுமியர் மாறுவேடம் பூண்டு வீடுவீடாகச் செல்வர். கதவு திறந்தவுடன், மிட்டாய் தராவிட்டால் குறும்பு செய்வோம் என்று செல்லமாக மிரட்டிப் பையை நீட்டுவர். வாசற்படிகளில் பரங்கிக்காயைக் குடைந்து, கண்ணும் வாயும் வெட்டி, உள்ளே விளக்கேற்றி வைத்திருப்பார்கள். இதற்கு ஹாலோவீன் என்று பெயர். மகனோ மகளோ அந்நாட்டில் குடியேறியுள்ள நம் பங்குக் குடும்பங்களுக்கு இது புதிய செய்தியன்று. பூனை வேடமிட்ட பேரப்பிள்ளையின் புகைப்படம் அவர்கள் வீட்டிற்கு ஒருமுறையாவது வந்து சேர்ந்திருக்கும்.

பெயரைப் பிரித்துப் பார்த்தால் அது திருச்சபையின் வீட்டுச் சொல் என்பது விளங்கும். ‘ஹாலோ’ என்பது புனிதரைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல். ‘ஈன்’ என்பது மாலைப் பொழுதைக் குறிக்கும். நவம்பர் முதல் நாள் கொண்டாடப்படும் சகல புனிதர் திருநாளுக்கு முந்திய மாலை என்பதே அதன் பொருள். அந்த மாலையை ஒட்டிய பழக்கங்கள் அயர்லாந்து, ஸ்காட்லாந்து நாடுகளில் வேரூன்றியிருந்தன. 1845-இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழிந்து கொடும் பஞ்சம் தொடங்கியபோது, கப்பலேறிய மக்கள் அவற்றையும் உடன் கொண்டு சென்றனர். அயர்லாந்தில் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தவர்கள், புது நாட்டில் மலிவாய்க் கிடைத்த பரங்கிக்காயைக் குடையலாயினர்.

அதே பஞ்ச காலத்தில்தான் குரோஷா என்னும் கொக்கிப் பின்னலும் அயர்லாந்தில் பல குடும்பங்களின் பட்டினியைத் தணித்தது. கார்க் நகரையடுத்த பிளாக்ராக்கில் உர்சுலின் சபைக் கன்னியர் ஏழைப் பெண்களுக்கு அதனைக் கற்பித்தனர். குளோன்ஸ் என்னும் ஊரில் 1847-இல் கசாண்ட்ரா ஹாண்ட் என்ற பாதிரியாரின் மனைவி அத்தொழிலை ஏற்படுத்தினார். அவர் நம் சபையைச் சேர்ந்தவரல்லர் என்றாலும் அவர் செய்த தொண்டு பெரிது. ஆகவே ஹாலோவீன் வேடத்தைக் கொக்கி ஊசியால் பின்னுவது இரண்டு பழைய உறவினரை மறுபடி சந்திக்க வைப்பது போலாகும்.

இனிச் செலவைப் பார்ப்போம். செப்டம்பர் பிறந்ததுமே அந்நாட்டுக் கடைகளில் ஆயத்த வேடங்கள் தொங்கத் தொடங்கும். மெல்லிய செயற்கைத் துணி, அதில் அச்சடித்த படம், ஒரு முகமூடி. ஓரிரவு அணிந்தபின் பெரும்பாலானவை குப்பைக்கே போகும். மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் மூன்று வேடங்கள் வாங்க வேண்டும். சம்பளத்தை எண்ணி எண்ணிச் செலவிடும் தாய்க்கு இது சுமைதான். வாங்காவிட்டாலோ பிள்ளையின் முகம் வாடும்.

நூலும் இலவசமன்று. கொக்கிப் பின்னல் இரட்டை ஊசிப் பின்னலைக் காட்டிலும் அதிக நூலை விழுங்கும். தலைமுதல் கால்வரை கரடியாகப் பின்னப் புகுந்தால் கடைவிலையைத் தாண்டிவிடும். வாரக்கணக்கில் கண்ணும் நோகும். ஆதலின் என் கருத்து இதுதான்: உடலைப் பின்னாதீர்கள், தலையைப் பின்னுங்கள். பிள்ளை பூனையா பரங்கிக்காயா என்பதைப் பிறருக்குச் சொல்வது தலையும் வாலுமேயாகும். உடலுக்கு அலமாரியில் இருக்கும் ஒற்றை நிறச் சட்டையும் காற்சட்டையும் போதும்.

பரங்கிக்காய்த் தொப்பி மிக எளிது. ஆரஞ்சு நிறக் கம்பளி நூலும் 5 மில்லிமீட்டர் ஊசியும் எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 20 சென்டிமீட்டர் நீளத்திற்குச் சங்கிலி போட்டு, வரிசை வரிசையாக முன்னும் பின்னும் பின்னிச் செல்லுங்கள். ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு இழைகள் தெரியும். ஊசியைப் பின்னிழையில் மட்டும் நுழைத்தால், பரங்கிக்காயின் மேல் காணும் வரிகளைப் போலவே மேடு பள்ளம் விழும். பட்டை குழந்தையின் தலையை இலேசாக இழுத்தால் சுற்றி வரும் அளவு ஆனதும், இரு முனைகளையும் இணைத்து, மேல் விளிம்பில் நூலோட்டிச் சுருக்குப்பை போல் இறுக்கிக் கட்டுங்கள். பச்சை நூலில் விரலளவு குழாயொன்று பின்னி உச்சியில் தைத்தால் காம்பு. பழகிய கைக்கு இரண்டு மாலைப் பொழுதுகளின் வேலை.

பூனைக்கும் கரடிக்கும் உச்சியிலிருந்து வட்டமாகத் தொடங்க வேண்டும். உயரம் குறைந்த சாதாரணப் பின்னலில் ஆறு கண்ணிகளில் தொடங்கி, ஒவ்வொரு சுற்றுக்கும் ஆறு ஆறாகக் கூட்டினால் வட்டம் அப்பம்போல் சமமாய் விரியும். எங்கே கூட்டுவதை நிறுத்துவது என்பதில்தான் பலர் தடுமாறுகின்றனர். பிள்ளையின் தலைச் சுற்றளவு 50 சென்டிமீட்டர் என்றால் அதனை 3.14-ஆல் வகுக்க ஏறக்குறைய 16 வரும். வட்டத்தின் குறுக்களவு 15 ஆனவுடன் கூட்டுவதை நிறுத்தி நேரே பின்னிச் செல்லுங்கள். பின்னல் இழுபடும் என்பதால் சற்றுச் சிறிதாய் இருப்பதே நன்று. பூனைக்கு இரு முக்கோணம், கரடிக்கு இரு அரைவட்டம் காதுகளாகும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. அமெரிக்கர் ‘சிங்கிள் குரோஷே’ என்று எழுதுவதையே ஆங்கிலேயர் ‘டபிள் குரோஷே’ என்பர். ஆங்கிலேய முறையில் பயின்ற நம் பாட்டிமார் அமெரிக்கக் குறிப்பை வைத்துப் பின்னினால் ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பொம்மையின் தொப்பி வந்து சேரும்!

நூலைப் புதிதாக வாங்கவும் வேண்டுவதில்லை. நம் பங்குகளில் நாம் அறிந்த வின்சென்ட் தே பவுல் சபையார் அமெரிக்காவில் பழம்பொருட் கடைகள் நடத்துகின்றனர். அங்கே கிடைக்கும் பழைய கம்பளிச் சட்டையைப் பிரித்தால் பல தொப்பிகளுக்கு நூல் தேறும். வாங்குமுன் உட்புறத் தையலைத் திருப்பிப் பாருங்கள். ஓரம் வெட்டி இயந்திரத்தால் தைத்திருந்தால் நூல் துண்டு துண்டாகவே வரும். ஓரம் வெட்டாமல் பின்னி இணைத்ததே பிரிக்க ஏற்றது. பிரித்த நூலைச் சிட்டமாகச் சுற்றி, நனைத்து, கீழே சிறு பாரம் கட்டித் தொங்கவிட்டால் சுருள் நீங்கும்.

சில கடைகளில் பின்னிய தொப்பியே மிக மலிவாகக் கிடைக்கும். உண்மையான கொக்கிப் பின்னலை இயந்திரம் பின்னுவதில்லை. அது யாரோ ஒரு பெண்ணின் கைவேலை. நம் அண்டை மாநிலமான ஆந்திரத்தின் நரசாப்பூரில் வீட்டிலிருந்தபடியே ஏற்றுமதிக்குப் பின்னல் பின்னிய பெண்களுக்கு எவ்வளவு சொற்பக் கூலி கிடைத்தது என்பதை மரியா மீஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் 1982-இல் வெளியிட்ட நூலில் விளக்கியுள்ளார். மலிவு விலையைக் கண்டு மகிழுமுன் அக்கூலியையும் நினைக்க வேண்டியிருக்கிறது.

நெருப்பைப் பற்றித் தாய்மார்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். பரங்கிக்காய் விளக்குகள் தரையோடு, குழந்தையின் உடை உரசும் உயரத்திலேயே இருக்கும். ஆட்டுமயிர்க் கம்பளி எளிதில் தீப்பற்றாது. பருத்தி விரைவில் எரியும். அக்ரிலிக் என்னும் செயற்கை நூலோ எரிவதோடு உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். எனவே சிலந்தி வலைபோல் துளைத்துளையாய்ப் பின்னிய மேலாடையைத் தொங்கவிடுவதை நான் விரும்புவதில்லை. பார்வைக்கு அழகு, நூலும் குறைவு, ஆனால் எங்கும் மாட்டும். போர்வை அவசியமானால் முழங்காலுக்கு மேலேயே முடியட்டும். கழுத்தில் கயிறு கட்டாமல், இழுத்தால் விட்டுக்கொடுக்கும் அழுத்துப் பொத்தான் வையுங்கள். முகமூடி பார்வையை மறைக்கும். கன்னத்தில் மீசை வரைந்தாலே பூனை வந்துவிடும். இருட்டில் வண்டியோட்டிகளுக்குத் தெரிய, ஒளி வீசும் நாடாவை முதுகில் தைக்கவும்.

பேயும் சூனியக்காரியும் வேண்டாமென எண்ணும் குடும்பங்கள் உண்டு. அங்குள்ள பல பங்குகளில் பிள்ளைகள் புனிதர் வேடம் பூண்டு கூடுகின்றனர். இதற்கும் கொக்கி ஊசி நன்கு உதவும். குழந்தை இயேசுவின் தெரேசம்மாளுக்குப் பழுப்பு உடையும் கை நிறைய ரோஜாவும் வேண்டும். நாற்பது சங்கிலி போட்டு, அதன்மேல் வளைவு வளைவாய் இதழ் விளிம்பு பின்னி, பாய் சுருட்டுவதுபோல் சுருட்டி அடியில் தைத்தால் ஒரு ரோஜா. மிச்ச நூல்களெல்லாம் இதில் தீர்ந்துவிடும். 1962-இல் புனிதர் பட்டம் பெற்ற மார்ட்டின் தே போரஸ் துடைப்பமும் எலிகளுமாகச் சித்திரிக்கப்படுபவர். சட்டைப்பையிலிருந்து எட்டிப் பார்க்கும் ஒரு சாம்பல் நிற எலியைப் பின்னிக் கொடுங்கள். பிள்ளைகள் அந்த வேடத்திற்குத்தான் சண்டையிடுவார்கள்.

காதுகளையும் காம்பையும் இறுக்கித் தைக்காமல், பெரிய தையலாய் இலேசாகப் பிடித்து வையுங்கள். நவம்பரில் அவற்றைப் பிரித்தெடுத்துவிட்டால் அதே தொப்பி குளிர்காலம் முழுதும் பள்ளிக்குப் போகும். கிறிஸ்மஸ் நள்ளிரவுப் பூசைக்குப் புறப்படும்போதும் பிள்ளையின் காதை மூடும்.