க்ளவுடில் ஏறிய கணக்கு: சாவி யாரிடம்?

புனே: கேம்பில் எம்.ஜி. ரோடு, ஈஸ்ட் ஸ்ட்ரீட் பக்கத்துக் கடைகள், ஆபீசுகள் பலவற்றில் இன்று பேரேடு அலமாரியில் இல்லை. நம்மவர் சங்கங்களிலும் அங்கத்தினர் பட்டியல், சந்தாக் கணக்கு, ஆதார் நகல் எல்லாம் 'க்ளவுட்' எனும் வாடகைக் கம்ப்யூட்டரில் ஏறி வருகின்றன. மேகம் என்று பெயரே தவிர, அது வானத்தில் இல்லை. மைக்ரோசாஃப்ட் கம்பெனி 2015ல் இந்தியாவில் தனது க்ளவுட் மையங்களைத் திறந்தபோது தேர்ந்தெடுத்த ஊர்கள் புனே, மும்பை, சென்னை. சரக்கு நாம் பிழைக்க வந்த ஊரிலோ, விட்டு வந்த ஊரிலோ கூட இருக்கலாம்.

அது பத்திரமாக இருக்கிறதா என்று நிர்வாகிகளைக் கேட்டால், "பெரிய கம்பெனி, அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்கிறார்கள். அங்கேதான் கோளாறு. பூட்டாத பெட்டியை ரயில்வே க்ளோக் ரூமில் வாங்கமாட்டார்கள். க்ளவுட்காரரோ திறந்த பெட்டியையும் வாங்கி வைத்துக்கொள்வார். கட்டடத்துக்குக் காவல் அவர் பொறுப்பு. பெட்டிக்குப் பூட்டு நம் பொறுப்பு.

அமெரிக்காவின் கேபிடல் ஒன் வங்கி 2019ல் இதைக் கண்டது. அமேசானின் க்ளவுடில் இருந்த 10 கோடிக்கும் மேற்பட்டவர்களின் விவரங்கள் திருடு போயின. கட்டடத்தை யாரும் உடைக்கவில்லை. வங்கி தன் தடுப்பு ஏற்பாட்டைச் சரியாக அமைக்காததே வழியாயிற்று. மறு ஆண்டு அமெரிக்க அரசு விதித்த 8 கோடி டாலர் அபராதமும் வங்கியின் தலையில்தான் விழுந்தது. இடம் கொடுத்த அமேசான் மீது அல்ல.

நம் ஊர் சங்கதி வாசகர்களுக்கு மறந்திராது. 1906ல் தோன்றிய காஸ்மாஸ் கூட்டுறவு வங்கியில் 2018 ஆகஸ்ட் 11, சனிக்கிழமை, திருடர்கள் ஏ.டி.எம். கம்ப்யூட்டர் ஏற்பாட்டுக்குள் புகுந்து, போலி கார்டுகளுக்கெல்லாம் 'சரி' என்று பதில் போக வைத்தார்கள். 28 நாடுகளில் சுமார் 12,000 தடவை பணம் எடுக்கப்பட்டது. திங்கட்கிழமை மேலும் ரூ. 13.92 கோடி ஹாங்காங்குக்குப் போயிற்று. மொத்தம் ரூ. 94.42 கோடி! 2023ல் புனே நீதிமன்றம் 11 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. இது க்ளவுட் திருட்டு அல்லதான். ஆனால் சனிக்கிழமை பிற்பகலில் கணக்கை யார் கவனிக்கிறார்கள் என்ற கேள்வி க்ளவுடுக்கும் அப்படியே பொருந்தும்.

இடைத்தரகரையும் பார்க்க வேண்டும். 2024 ஜூலை இறுதியில் சி-எட்ஜ் என்ற கம்பெனியின் ஏற்பாட்டில் பிணைத்தொகை கேட்கும் வைரஸ் நுழைந்ததால், அதை நம்பியிருந்த சுமார் 300 சிறு வங்கிகளின் பணப் பட்டுவாடா தற்காலிகமாக நின்றது. கடை ஒன்று, வாடிக்கை முந்நூறு.

ஆகவே கமிட்டிக் கூட்டத்தில் கேட்க வேண்டியவை உண்டு. பாஸ்வேர்டு எத்தனை பேரிடம் இருக்கிறது? போன வருஷம் விலகிய காரியதரிசியின் பெயர் நீக்கப்பட்டதா? ஒருவர் பாஸ்வேர்டைத் திருடினாலும் போனுக்கு வரும் இரண்டாவது எண் இல்லாமல் நுழைய முடியாதபடி ஏற்பாடு உண்டா? 'லிங்க் உள்ள யாரும் பார்க்கலாம்' என்று ஆதார் நகல்கள் திறந்து கிடக்கின்றனவா? கடைசிக் கேள்வியை முதலில் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் ஒரு தடவை அனுப்பிய லிங்க் எங்கெல்லாம் போயிருக்கும் என்று யாருக்கும் தெரியாது.

இன்னொரு பிரதி வேறிடத்தில் இருக்கிறதா என்பதும் முக்கியம். தென்கொரியாவில் 2025 செப்டம்பர் 26ல் டேஜான் நகர அரசுக் கம்ப்யூட்டர் மையம் தீப்பிடித்தது. அரசு ஊழியர்களின் கோப்புகள் 858 டெராபைட், வெளியே பிரதி இல்லாமல் சாம்பலாயின. திருடனே வரவில்லை! பிரதி இருந்தால் மட்டும் போதாது. அதிலிருந்து ஒரு மாதக் கணக்கைத் திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டும். பலரும் இதைச் செய்வதில்லை.

கம்ப்யூட்டர் தாக்குதல் தெரிந்தால் 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரல் 28ல் பிறப்பித்த உத்தரவு. யார் எப்போது நுழைந்தார் என்ற பதிவை 180 நாள் வைத்திருக்கவும் அது சொல்கிறது. உங்கள் க்ளவுடில் அந்தப் பதிவு ஓடுகிறதா என்று, கணக்கு எழுதிக் கொடுக்கும் பையனை அல்ல, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவரைக் கேளுங்கள்.