திறந்த பாடநூலும் தென்கிழக்குக் கரையோரத்து உயர்கல்வியும்

இலங்கைக் கல்வி வரலாற்றை ஆராய்வோர் 1945ஆம் ஆண்டினை ஒரு திருப்புமுனையாகக் கொள்வர். சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் இலவசக் கல்வித் திட்டம் அவ்வாண்டிலே நடைமுறைக்கு வந்தது. 1980இல் பாடநூல்களும் இலவசமாயின. ஆயின் அந்த நூல் வழங்கல் பதினோராந் தரத்தோடு நின்றுவிடுகின்றது. அதற்கு மேற் கட்டணமின்றிக் கற்கலாம். நூலை மட்டும் மாணவரே தேடிக்கொள்ளல் வேண்டும். உயர்தர வகுப்பிலே தனியார் வகுப்புகளின் ‘ரியூட்’டும், பல்கலைக்கழகத்திலே நிழற்பிரதிக் கடையும் பாடநூலின் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. இலவசக் கல்வி என்ற சாதனையின் நடுவே சந்தை புகுந்துகொண்ட வாயில் இதுவே எனலாம்.

மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனத் தெற்கு நோக்கித் தொடரும் கரையோர ஊர்களில் இந்நிலை கூர்மையாகத் தென்படுகின்றது. நெல்வயலும் கடலும் கைத்தறியும் சிறுவணிகமும் வாழ்வாதாரமாயுள்ள குடும்பங்களின் பிள்ளைகளே இங்கு உயர்கல்விக்குச் செல்வோரிற் பெரும்பாலார். 1995இற் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1996இல் முழுமையான பல்கலைக்கழகமாக உயர்த்தப்பெற்ற ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் அவர்களுக்குக் கதவைத் திறந்தது. உயர்தரம் வரை தமிழிற் பயின்ற மாணவர், சம்மாந்துறையிலுள்ள பிரயோக விஞ்ஞான பீடத்திலோ ஒலுவிலிலுள்ள பொறியியற் பீடத்திலோ நுழைந்ததும் ஆங்கில மொழிமூலத்தை எதிர்கொள்கின்றனர். வெளிநாட்டுப் பிரசுர நிறுவனங்களின் பாடநூல் விலை அவர்தம் குடும்ப வருமானத்துக்கு எட்டாதது. ஆகவே விரிவுரையாளர் சொல்லும் குறிப்பே நூலாகிறது, அக்குறிப்பே பரீட்சையுமாகிறது. 2022ஆம் ஆண்டு நெருக்கடியிற் கடதாசித் தட்டுப்பாட்டினாற் பாடசாலைப் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்டதை நாம் மறந்துவிடவில்லை.

இச்சூழலிலேயே திறந்த பாடநூல் என்னும் கருத்து நம் கவனத்துக்குரியதாகின்றது. 2001இல் அமெரிக்காவின் மசாச்சுசெற்ஸ் தொழினுட்ப நிறுவகம் தன் பாடநெறிப் பொருள்களை இணையத்தில் எவர்க்கும் வழங்கப்போவதாக அறிவித்தது. மறு ஆண்டிலே யுனெஸ்கோ கூட்டிய மன்றம் இத்தகையவற்றுக்குத் ‘திறந்த கல்வி வளங்கள்’ எனப் பெயரிட்டது. 2012 முதல் ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பின்ஸ்ராக்ஸ் முயற்சி, முதலாமாண்டுக் கல்லூரிப் பாடங்களுக்கான முழுநூல்களை வெளியிட்டு வருகின்றது. 2019இல் யுனெஸ்கோ பொதுமாநாடு இதுபற்றி ஒரு பரிந்துரையையும் நிறைவேற்றியது.

இலவசமாகக் கிடைப்பது வேறு, திறந்திருப்பது வேறு. இவ்வேறுபாட்டை நம்மவர் பெரும்பாலும் கவனிப்பதில்லை. இணையத்தில் விலையின்றி இறக்கிக்கொள்ளக்கூடிய நூலொன்றை வாசிக்கலாம். திருத்தவோ மொழிபெயர்க்கவோ அதனால் மட்டும் உரிமை வந்துவிடாது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் வகுப்பறைக் கற்பித்தலுக்காக நியாயமான அளவிற் பிரதி செய்ய இடமளிக்கின்றது. மொழிபெயர்த்து வெளியிடுவதற்கோ உரிமையாளரின் இசைவு வேண்டும். திறந்த நூல் அவ்விசைவைத் தன் முகப்பிலேயே தாங்கி வருகின்றது. கிரியேற்றிவ் கொமன்ஸ் உரிமங்கள் ஆறு வகைப்படும். அவற்றுள் ஆக்கியோர் பெயரைக் குறிப்பிடுமாறு மட்டும் கேட்பது மிகத் தாராளமானது. சில வணிகப் பயன்பாட்டைத் தடுக்கும். சில, மாற்றிய நூலையும் அதே நிபந்தனையிற் பகிருமாறு கட்டளையிடும். மாற்றத்தையே தடுப்பனவும் உண்டு. அவை நம் நோக்கத்துக்கு உதவா. மொழிபெயர்ப்பும் ஒரு மாற்றமே.

இக்கரையோரத்து வாசகர்க்கு இது புதுமையான கருத்தன்று. வக்பு செய்யப்பட்ட நிலத்தை எவரும் விற்கவியலாது. அதன் பயன் பொதுவுக்குரியது. பயன்தரும் அறிவு, அதனை விட்டுச் சென்றவரின் மறைவுக்குப் பின்னும் நன்மை தந்துகொண்டிருக்கும் என்பதும் இங்குப் பள்ளிவாசல்தோறும் கேட்கப்படுவதே. நிலத்தின் விளைச்சல் பங்கிடுந்தோறும் குறையும். நூல் அவ்வாறு குறைவதில்லை.

உண்மையான இடர்ப்பாடு மொழியிலே தோன்றுகின்றது. இணையத்திற் கிடைக்கும் தமிழ்நாட்டுப் பாடநூல்களை அப்படியே பயன்படுத்தினால் என்ன எனச் சிலர் வினவுவர். பௌதிகவியலை எடுத்துக்கொள்வோம். அங்கு அதன் பெயரே இயற்பியல். நாம் கதி என்பதை அவர்கள் வேகம் என்பர். நாம் வேகம் என்பதை அவர்கள் திசைவேகம் என்பர். ஒரே சொல் இரு கணியங்களைச் சுட்டுகின்றது. திசையற்றதைத் திசையுள்ளதாக மாணவர் விளங்கிக்கொள்வாராயின், தவறு கணக்கின் முதல் வரியிலேயே நிகழ்ந்துவிடும். நமது ஆர்முடுகல் அங்கு முடுக்கம், சக்தி ஆற்றலாகின்றது, வலு திறனாகின்றது. உயிரியலிற் கலம் செல் ஆகிறது, ஒளித்தொகுப்பு ஒளிச்சேர்க்கை ஆகிறது. நுண்கணிதத்தின் பெறுதியோ வகைக்கெழு. எக்கலைச்சொல் சிறந்தது என வழக்காடுதல் இங்குப் பயனற்றது. தம் வகுப்பறையின் சொற்களுக்கேற்ப நூலைத் திருத்தும் உரிமை ஆசிரியர்க்கு உண்டா என்பதே வினா. திறந்த உரிமமின்றேல் அது இல்லை.

இதே நாட்டின் முந்திய அனுபவம் ஒன்று உண்டு. 1960களிற் சுயமொழிக் கல்வி உயர்நிலைக்கு விரிந்தபோது அரசகரும மொழித் திணைக்களம் ஆங்கில அறிவியல் நூல்கள் பலவற்றைத் தமிழாக்கி வெளியிட்டது. கலைச்சொல்லாக்கத்தில் அக்காலத்தார் காட்டிய உழைப்பு வியக்கத்தக்கது. நாம் இன்று வழங்கும் சொற்களிற் பல அவர்கள் நிலைநிறுத்தியவை. தமிழ்நாட்டிலும் 1970களிற் கல்லூரிப் பாடநூல்கள் நூற்றுக்கணக்கில் வெளிவந்தன. ஆனால் அறிவியல் வளர, அந்நூல்கள் வளரவில்லை. பதிப்பு ஒரு திணைக்களத்தின் கையிற் கட்டுண்டிருந்தமையால், அதிகாரத்தின் ஊக்கம் தணிந்ததும் நூலின் ஆயுளும் முடிந்தது. பின்வந்த ஓர் ஆசிரியர் தாமே பழைய அத்தியாயத்தைப் புதுக்கி வெளியிடும் வழி இருக்கவில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தில் அவற்றுட் சிலவற்றை இன்று காணலாம். வரலாற்றுச் சான்றாகவே காணலாம்.

இதற்கு மாறான எடுத்துக்காட்டு போலந்து. ஓப்பின்ஸ்ராக்ஸின் மூன்று தொகுதிப் பல்கலைக்கழகப் பௌதிகவியல் நூலை ஒரு கல்வி அறக்கட்டளையின் ஆதரவோடு அந்நாட்டார் தம் மொழிக்கு ஏற்பப் பெயர்த்து, விலையின்றி வெளியிட்டுள்ளனர். அங்கும் மொழிபெயர்ப்புத் தானாக நிகழவில்லை; பணமும் பௌதிகவியலாளரின் நேரமும் செலவாயின. திறந்த நூலுக்குச் செலவில்லை எனப் பேசுவோர் இதனை உணர்தல் நன்று. செலவு ஒருமுறை ஆக்கத்துக்கே நேர்கின்றது. ஒவ்வொரு மாணவரிடமும் ஆண்டுதோறும் அறவிடப்படுவதில்லை.

விரிவுரையாளர் தயங்குவதற்கும் காரணமுண்டு. பதவியுயர்வுக்கு ஆய்வுக்கட்டுரை தரும் வலிமையைப் பிறர் நூலொன்றைச் செம்மைப்படுத்திய உழைப்புத் தருவதில்லை. தென்கிழக்குப் பல்கலைக்கழக நூலகத்தின் எண்ணிமக் களஞ்சியத்தில் ஆய்வரங்கக் கட்டுரைகள் எவர்க்கும் திறந்துள்ளன. தமிழ்க் கட்டுரைகளும் அவற்றுள் உள. பாடநூலாக்கத்துக்கும் அத்தகைய இடமும் மதிப்பும் அளிக்கப்படுமாயின் நிலைமை மாறும். இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் ஆசிரிய மாணவரிடையே நடத்திய ஆய்வுகள், முதலிற் பிறர் ஆக்கியதை எடுத்துப் பயன்படுத்தியோர் பயிற்சியின்பின் தாமே மாற்றியமைக்க முற்படுவதைக் காட்டின. அட்டாளைச்சேனைத் தேசிய கல்வியியற் கல்லூரி இங்குக் கருத்திற் கொள்ளத்தக்கது. அங்குப் பயின்று வெளியேறுவோர் கரையோரப் பாடசாலைகளிற் கற்பிப்பவர்.

முழுநூலை மொழிபெயர்க்கும் பெருந்திட்டத்தோடு தொடங்குதல் விரும்பத்தக்கதன்று. அத்தகைய திட்டங்கள் குழு அமைப்பதோடு முடிவதே நம் வழக்கம். முதலாமாண்டு இயக்கவியலில் ஓர் அத்தியாயம் போதும். ஆங்கில மூலம் ஆங்கிலமாகவே இருக்கட்டும்; மாணவர் அதிலேதான் பரீட்சை எழுதவேண்டும். பக்கந்தோறும் ஓரத்தில் இலங்கை வழக்குக் கலைச்சொற்களும், கடினமான நிறுவல்களுக்குத் தமிழ் விளக்கமும் சேர்க்கலாம். எடுத்துக்காட்டுக் கணக்கிற் பனிச்சறுக்கு வீரனுக்குப் பதிலாக ஒலுவிற் கடலில் இறங்கும் தோணி வரலாம். இணைய வசதி குன்றியோர்க்கு அச்சுச்செலவை மட்டும் பெற்றுக் கறுப்பு வெள்ளையில் வழங்கலாம். முதற்பக்கத்தில் மூலநூலின் பெயர், அதனை ஆக்கியோர், அதன் உரிமம், செய்யப்பட்ட மாற்றங்கள் ஆகிய நான்கும் இடம்பெறவேண்டும். அடுத்த ஆண்டு யாழ்ப்பாணத்திலோ வந்தாறுமூலையிலோ கற்பிக்கும் ஒருவர் அதனைக் கையிலெடுத்துத் திருத்துவதற்கு அப்பக்கமே அனுமதிப் பத்திரம்.