சுருட்டுக்கு மார்க் போட்ட கதை!

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். அம்பத்தூரில் எங்கள் வீட்டு மொட்டைமாடி. வற்றல் காயப்போட்டிருந்த பாயை ஓரமாகச் சுருட்டி வைத்துவிட்டு மூன்று பேர் உட்கார்ந்தோம். நான், எஸ்டேட்டில் என்னோடு வேலை பார்க்கும் அக்கவுண்ட்ஸ் ஆசாமி, ஆவடியிலிருந்து லோக்கல் ட்ரெயின் பிடித்து வந்த நண்பன்.

மொட்டைமாடி ஏன்? பஸ் ஸ்டாண்ட், ஆபீஸ் மாதிரி பொது இடங்களில் பற்ற வைக்க 2008 அக்டோபர் 2-லிருந்து தடை. பிடித்தால் 200 ரூபாய் வரை அபராதம்!

ஆவடி நண்பனின் மச்சினர் வெளிநாட்டிலிருந்து ஒரு 'மதூரோ' சுருட்டு கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். "அங்க இது ரொம்ப சல்லிசுடா!" என்றான். அவன் சொன்ன சல்லிசு விலையில் நம் ஊரில் நாலு பேர் ஃபுல் மீல்ஸ் சாப்பிட்டு பீடாவும் போடலாம். போட்டிக்கு அக்கவுண்ட்ஸ் எடுத்து வந்தது நம்ம திருச்சி சுருட்டு. ஒன்று ஒரு டீ காசு.

"ரெண்டையும் பத்த வெப்போம். நீதான் ஜட்ஜ்" என்றார்கள். நான் புகை பிடிக்காதவன். அதனால் நடுநிலை தவறமாட்டேனாம்!

கறுப்பு வந்த கதை

ஸ்பானிஷ் மொழியில் 'மதூரோ' என்றால் 'பழுத்தது'. சுருட்டின் மேலே சுற்றுகிற இலையை ஈரப்பதத்தோடு அம்பாரமாகக் குவித்து வைப்பார்கள். வைக்கோல் போர் உள்ளுக்குள் சூடாகுமே, அதே மாதிரி இலை தன் சூட்டிலேயே புழுங்கும். மற்ற ரகங்களைவிட அதிக நாள் இப்படிப் புழுங்கினால் அமோனியா நெடி குறைந்து, இலை காபிக்கொட்டை நிறத்துக்கு வந்து, ஒரு இனிப்பும் ஏறும். பொறுமை இல்லாதவர்கள் ஆவியில் வேகவைத்தோ, சாயம் ஏற்றியோ கறுப்பாக்குவதும் உண்டு. கலப்படம் நமக்கு மட்டும் சொந்தமா என்ன!

திருச்சி சுருட்டும் லேசுப்பட்டதல்ல. இங்கிலீஷ்காரனின் 'செரூட்' என்ற வார்த்தையே நம் 'சுருட்டு'தான். உறையூரில் கையால் சுருட்டிய சரக்கு கப்பலேறி லண்டன் வரை போனது. சர்ச்சிலுக்கு இதன் மேல் உயிர் என்று திருச்சிக்காரர்கள் இன்றைக்கும் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வார்கள்.

ரவுண்டு ஒன்று, ரவுண்டு இரண்டு...

மதூரோவின் ஒரு முனை மூடியிருக்கும். வெட்டினால்தான் இழுக்க முடியும். வெட்டுகிற கருவிக்கு எங்கே போக? அம்மாவின் பாக்குவெட்டி கைகொடுத்தது. திருச்சி சுருட்டுக்கு இந்தத் தொல்லை கிடையாது. இரண்டு பக்கமும் திறந்த மனசு!

இழுப்பு: மதூரோ சீராக வந்தது. திருச்சி, ஒரு இழுப்பு தாராளம், மறு இழுப்பு கஞ்சத்தனம்.

எரிதல்: மதூரோ வட்டமாக எரிந்தது. திருச்சி ஒரு பக்கமாக எரிந்து, திரும்பத் திரும்பத் தீக்குச்சி கேட்டது.

சாம்பல்: மதூரோவுக்கு வெளிர் சாம்பல், ஒரு அங்குலம் வரை உதிராமல் நின்றது. திருச்சிக்குக் கறுப்பாகச் செதில் செதிலாக. 1887-ல் வந்த 'எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்' கதையில் ஷெர்லக் ஹோம்ஸ் கொலை நடந்த இடத்தில் கண்டுபிடிக்கிறாரே, அதே சாம்பல்!

ருசி: "காபி, வெல்லப்பாகு, கடைசியில் மிளகு" என்று கண்மூடி ரசித்தான் ஆவடி. அக்கவுண்ட்ஸ் வாயைத் திறந்தார். இருமல்தான் வந்தது. ஒரு நிமிஷம் கழித்து, "காரம் சார்... காரம்..."

வாசனை: கீழேயிருந்து மனைவியின் குரல். "என்னங்க, கொசு மருந்து வண்டி வந்திருக்கா?"

தாத்தாவின் வெள்ளி டப்பா

"சரி, மார்க்கைச் சொல்லு" என்றான் ஆவடி. "பயப்படாதே. நாங்க புகையை உள்ள இழுக்கலை. கேன்சரெல்லாம் சிகரெட்காரனுக்குத்தான்."

இதே வசனத்தை நான் பூந்தமல்லியில் கேட்டிருக்கிறேன். தாத்தா சொல்வார். சாப்பிட்டதும் திண்ணையில் ஒரு சுருட்டு. வெள்ளி டப்பா எப்போதும் மடியில். உள்ளே இழுக்கவே மாட்டார்.

சுருட்டுப் புகை காரத்தன்மை கொண்டது. அதன் நிகோடின், வாயின் உள்தோல் வழியாகவே ரத்தத்துக்குப் போய்விடும். நுரையீரல் வரைக்கும் போக வேண்டிய அவசியமே இல்லை. ஒரு பெரிய சுருட்டில் ஒரு பாக்கெட் சிகரெட் அளவு புகையிலை இருக்கலாம். வாய், தொண்டை, உணவுக்குழாய் என்று கேன்சருக்கு இடமா இல்லை?

தாத்தாவுக்கு நாக்கின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு திட்டு வந்தது. "சூட்டுக் கொப்புளம்" என்று ஆறு மாதம் ஓட்டினார். கடைசியில் ஆபரேஷன். பாதி நாக்கு போனது. அதற்கப்புறம் நாலு வருஷம் இருந்தார். பாட்டி வைத்த வத்தக்குழம்பைப் பிசைந்து வாயில் வைப்பார். "உப்பு சரியா இருக்கா?" என்று பாட்டி கேட்பாள். அவர் பதில் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டுவார். உப்பே போடாத அன்றைக்கும் ஆட்டினார். பாட்டி அடுப்படிக்குள் போய் அழுதாள்.

மாடியில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. ஆவடி தன் மதூரோவைத் தரையில் தேய்த்து அணைத்தான்.

"அப்போ மார்க்?" என்றார் அக்கவுண்ட்ஸ் மெதுவாக.

"ருசிக்கு மார்க் போட நாக்கு வேணும் சார்!"

மிச்சமிருந்த திருச்சிக் கட்டை என்ன செய்தோம் என்கிறீர்களா? தெருக்கோடி முனீஸ்வரனுக்குப் படைத்துவிட்டோம். அவர் நாக்குக்கு மட்டும்தான் ஒன்றும் ஆகாது!