தீவன மூட்டையில் கடைசி மருந்து

குறிஞ்சிப்பாடி வட்டத்தில்தான் வடலூர் இருக்கிறது. வள்ளலார் 1867இல் தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. புலாலைத் தொடாத குடும்பங்கள் அந்தப் பக்கம் நிறைய. கோழிப் பண்ணையில் கொடுக்கும் மருந்தைப் பற்றிப் பேச்செடுத்தால், ‘கறி சாப்பிடுறவங்க கவலை அது’ என்று அவர்கள் ஒதுங்கிவிட முடியுமா?

தீவனத்தில் மருந்து கலக்கும் கதை அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்தில் தொடங்குகிறது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகடா சுப்பாராவ் அங்கே ஆராய்ச்சித் தலைவராக இருந்தபோது ‘ஆரியோமைசின்’ என்ற ஆன்டிபயாட்டிக் கண்டுபிடிக்கப்பட்டது. அது தயாரானபின் மிஞ்சிய கழிவில் பி12 வைட்டமின் இருக்கும் என்று நினைத்து, ஜூக்ஸ், ஸ்டோக்ஸ்டாட் என்ற இருவர் அதைக் கோழிக்குஞ்சுகளுக்குப் போட்டுப் பார்த்தார்கள். குஞ்சுகள் எதிர்பார்த்ததைவிட வேகமாக வளர்ந்தன. காரணம் வைட்டமின் மட்டுமல்ல, கழிவில் தங்கியிருந்த மருந்தும்தான். 1950 முதல் தீவனத்தில் துளித்துளியாக மருந்து கலப்பது ஒரு தொழிலாகவே ஆகிவிட்டது.

கேடு அந்தத் துளியில்தான். நோய்க்குத் தரும் முழு அளவு கிருமிகளைத் தீர்த்துக்கட்டப் பார்க்கும். துளி மருந்தோ பலவீனமானவற்றை மட்டும் கழித்துக்கட்டி, தாக்குப்பிடிப்பவற்றுக்கு இடம் காலி செய்து தருகிறது. தாக்குப்பிடிக்கும் மரபணு பல நேரம் ‘பிளாஸ்மிட்’ எனும் சிறு டிஎன்ஏ வளையத்தில் இருக்கும். அந்த வளையத்தை ஒரு பாக்டீரியா பக்கத்திலிருக்கும் வேறு இனத்துக்கும் கொடுத்துவிடும். ஸ்டூவர்ட் லெவி 1976இல் வெளியிட்ட சோதனையில், மாசசூசெட்ஸ் பண்ணையொன்றில் டெட்ராசைக்ளின் வகை மருந்து கலந்த தீவனத்தைக் கோழிகள் தின்றன. சில மாதங்களில் அந்தப் பண்ணைக் குடும்பத்தாரின் குடலிலும் அந்த மருந்துக்கு மசியாத பாக்டீரியா பெருகியது. அவர்கள் யாரும் அந்த மருந்தை விழுங்கவில்லை.

நம் ஊர்க் கதையின் பெயர் கொலிஸ்டின். சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று மருத்துவர்கள் ஓரங்கட்டியிருந்த பழைய மருந்து. 2010இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமியும் மற்றவர்களும் கார்பபெனம் எனும் வலுவான ஆன்டிபயாட்டிக்குகளை முறியடிக்கும் என்டிஎம்-1 மரபணு சென்னை, ஹரியானா நோயாளிகளிடம் பரவியிருப்பதை எழுதினார்கள். கார்பபெனம் மருந்துகளும் கைவிட்ட நோயாளிகளுக்குக் கொலிஸ்டினே கடைசிக் கை. அதே கொலிஸ்டின் அப்போது கோழித் தீவனத்திலும் போய்க்கொண்டிருந்தது! 2015இல் சீனாவில், கொலிஸ்டினை முறியடிக்கும் எம்சிஆர்-1 மரபணு பிளாஸ்மிட்டில் ஏறி நகர்வது தெரியவந்தது.

சென்னையில் தொற்றுநோய் மருத்துவர் அப்துல் கஃபூரின் குழு உணவு மாதிரிகளைச் சோதித்தபோது, ஏறத்தாழப் பாதியில் கொலிஸ்டினுக்கு மசியாத பாக்டீரியா இருந்தது. கோழி, ஆட்டிறைச்சி, மீன் மட்டுமல்ல, காய், பழங்களிலும்தான். வடலூர்க்காரர் ஒதுங்க முடியாதது இதனால்தான். கோழியின் குடலில் வளர்வது எச்சத்தோடு வெளியேறுகிறது. எச்சம் எருவாகி வயலுக்குப் போகிறது. மழை அதை வாய்க்காலில் சேர்க்கிறது.

பண்ணைக்காரரைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஒப்பந்தப் பண்ணையில் குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கம்பெனியுடையவை. கொட்டகையும் உழைப்பும்தான் இவருடையவை. கிலோவுக்கு இத்தனை என்று வளர்ப்புக்கூலி. மூட்டைக்குள் என்ன கலக்க வேண்டும் என்று முடிவு செய்பவர் இவர் அல்ல.

கொலிஸ்டினை உணவுக்கான கால்நடை, கோழி, மீன் வளர்ப்பில் பயன்படுத்த மத்திய அரசு 2019 ஜூலையில் தடை விதித்தது. இத்தகைய தடைகள் வேலை செய்கின்றன: சீனா 2017இல் தீவனக் கொலிஸ்டினை நிறுத்தியபின், பன்றிகளிடம் மட்டுமல்ல, மனிதர்களிடமும் எம்சிஆர்-1 குறைந்தது. ஆனால் நம் ஆணை தொட்டது ஒரே ஒரு மருந்தை. ஸ்வீடன் 1986லேயே வளர்ச்சிக்காக ஆன்டிபயாட்டிக் கலப்பதை மொத்தமாக நிறுத்தியது. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2006 ஜனவரியில் அதைச் செய்து முடித்தது. கோழி வளர்ப்பு அங்கே நின்றுபோகவில்லை. கொட்டகையில் நெரிசலைக் குறைப்பது, சுத்தம், தடுப்பூசி என்று செலவு வேறு பக்கம் மாறியது. இங்கே அந்தச் செலவைக் கம்பெனி ஏற்குமா, வளர்ப்புக்கூலியில் பிடிக்குமா என்பதைத்தான் குறிஞ்சிப்பாடிப் பண்ணைக்காரர் முதலில் கேட்பார்.